கேட் சென்சார் பொழுது சாய்ந்தால் அலாரம் அடிக்கிறது: சென்சாரா, வயரிங்கா?

பணகுடித்தோப்பு:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் பணகுடிப் பக்கம். தென்னந்தோப்புக்குள் வீடு. அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள், நான் வெளியூரில். வீட்டிலிருந்து ரோட்டோரக் கேட் வரை ஏறக்குறைய 70 மீட்டர். கேட் தூணில் ஒரு ஐபி கேமரா, அதற்குக் கீழே வெளிப்புற பிஐஆர் சென்சார் (உடம்புச் சூடு நகர்வதைப் பிடிப்பது). கேட்டுக்குள் ஆள் நுழைந்தால் என்விஆருக்கு (கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) அலாரம் போய் வீட்டில் பஸ்ஸர் அடிக்க வேண்டும், என் போனுக்கும் தகவல் வர வேண்டும்.

பகலெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பொழுது சாய்ந்து கேமரா இரவுப் படத்துக்கு மாறும் நேரம் பார்த்து பஸ்ஸர் அடிக்கத் தொடங்குகிறது. பதிவைப் பார்த்தால் ஆளும் இல்லை, ஆடும் இல்லை. அப்பா கடுப்பாகி பஸ்ஸர் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார். மாட்டிக் கொடுத்தவர் சென்சார் போச்சு என்று புதியது மாட்டினார், அதுவும் அதே கதை. இப்போது "உங்க ஊர்க் காத்துக்கு அப்படித்தான் இருக்கும்" என்கிறார். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காற்று பகலிலும்தானே அடிக்கிறது?

வயரிங் விவரம்: கேமராவின் படத்துக்கு ஒரு கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிள். தனியாக ஒரு 3 கோர் 0.5 சதுர மிமீ வயர். இரண்டும் மண்ணுக்குள் பிவிசி பைப்பில் போகின்றன. வீட்டில் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று, அதிலிருந்தே கேமராவுக்கும் சென்சாருக்கும் பவர்.

ஜங்ஷன்_கடை:
காற்று அதிகமுள்ள இடத்தில் வெறும் பிஐஆர் சரிப்படாது தம்பி. டூயல் டெக் வாங்கிப் போடுங்கள். உள்ளே பிஐஆரோடு மைக்ரோவேவும் இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் அசைவைச் சொன்னால்தான் அலாரம். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து ஆட்களுக்கு நான் அதைத்தான் கொடுக்கிறேன்.

பாளை_வயர்மேன்:
ஜங்ஷன் அண்ணாச்சி சொல்வது தப்பில்லை. ஆனால் இரண்டு சென்சாரும் ஒரே மாதிரி, அதுவும் ஒரே நேரத்தில் தவறு செய்தால் சென்சாரைச் சந்தேகப்படுவதை நிறுத்திவிட வேண்டும். பொழுது சாய்வதற்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை. பொழுது சாய்வதற்கும் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரிவதற்கும் சம்பந்தம் உண்டு.

தம்பி, மல்டிமீட்டர் இருக்கிறதா? கேட் தூணில் கேமராவுக்குப் போகும் சிவப்பு, கறுப்பு இரண்டிலும் பகலில் எத்தனை வோல்ட், ஐஆர் எரியும்போது எத்தனை வோல்ட் என்று பார்த்துச் சொல்லுங்கள். அடாப்டர் வாயிலும் பாருங்கள். அப்புறம், 3 கோரில் மூன்றாவது வயரை எதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்? சென்சாருக்கு பவர் இரண்டு, கான்டாக்ட் (திறந்து மூடி அலாரம் சொல்லும் சுவிட்ச்) இரண்டு, ஆக நாலு வயர் வேண்டுமே.

உவரிக்காரன்:
அப்படியே ஜாயின்டையும் திறந்து பாருங்கள். எங்கள் கடற்கரையில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒரு மழைக்காலம் தாண்டாது. பிரித்தால் செம்பு பச்சை பூத்து, தொட்டால் உதிரும். உங்கள் ஊர் கடலிலிருந்து தள்ளியிருக்கிறது, இருந்தாலும் மண்ணுக்குள் ஜாயின்ட் இருந்தால் அதே கதிதான்.

பணகுடித்தோப்பு:
ஊருக்கு வந்திருக்கிறேன், அளந்துவிட்டேன். அடாப்டர் வாயில் 12.1. கேட்டில் பகலில் 11.0. ஐஆர் எரியும்போது 9.3 முதல் 9.4 வரை. மண்ணுக்குள் ஜாயின்ட் இல்லை, ஒரே நீளம்.

மூன்றாவது வயர் மஞ்சள். சென்சாரின் என்சி முனையிலிருந்து (சாதாரணமாக மூடியிருக்கும் கான்டாக்ட்) மஞ்சள் வீட்டுக்கு வந்து என்விஆரின் அலாரம் 1இல் சேர்கிறது. சென்சாரின் சி முனையை (அதே கான்டாக்டின் மறுமுனை) தூணிலேயே கறுப்பு வயரோடு முறுக்கி விட்டிருக்கிறார்கள். வீட்டில் அடாப்டரின் கறுப்பிலிருந்து ஒரு துண்டு வயர் என்விஆரின் ஜி (கிரவுண்ட்) முனைக்குப் போகிறது. அதாவது கறுப்பே கேமரா பவருக்கும் சென்சார் கான்டாக்டுக்கும் பொது.

அம்பை_டிப்ளமோ:
நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. கேமரா பகலில் எடுப்பது சுமார் 0.2 ஆம்பியர் என்று வைப்போம். 1.1 வோல்ட் வயரிலேயே போகிறது என்றால் வயரின் தடை 5.5 ஓம். 0.5 சதுர மிமீ செம்பு நெகிழ் வயரின் தடை கிலோமீட்டருக்கு 39 ஓம் அளவில் இருக்கும். போக 70, வர 70, மொத்தம் 140 மீட்டர், அதுவும் 5.5 ஓம்தான். ஆக வயர் நல்ல செம்பு, ஜாயின்டும் கெடவில்லை. இரவில் ஐஆரோடு சேர்த்து 0.5 ஆம்பியர் எடுத்தால் 2.75 வோல்ட் போகும், மிச்சம் 9.35. உங்கள் மீட்டரும் அதையே சொல்கிறது.

இப்போது சந்தேகத்துக்குரியவர்கள் இரண்டு பேர். சென்சாரின் லேபிளில் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வரை என்று போட்டிருப்பான், பெரும்பாலும் 9 முதல் 16. நீங்கள் 9.3இல் விளிம்பில் நிற்கிறீர்கள். ஐஆர் எரியும் அந்தக் கணத்தில் இன்னும் கீழே இறங்கிச் சென்சார் அணைந்து எழுந்தால் அதன் ரிலே (கான்டாக்டைத் திறந்து மூடும் மின்சுவிட்ச்) விடுபடும், என்சி திறக்கும், அலாரம் போகும். அலாரம் சென்சார்களை வேண்டுமென்றே அப்படித்தான் செய்கிறார்கள். பவரை அறுத்தாலும், வயரை அறுத்தாலும் அலாரம் வர வேண்டும் அல்லவா?

இரண்டாவது ஆள் அந்தக் கறுப்பு வயர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் ஒரு சோதனை.

பாளை_வயர்மேன்:
சோதனையை நான் சொல்கிறேனே மேடம். தம்பி, மாலையில் தூணில் ஏறிச் சென்சாரின் சி, என்சி இரண்டையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுங்கள். இப்போது சென்சார் திறந்தாலும் மூடினாலும் என்விஆருக்குத் தெரியாது, எப்போதும் மூடியதாகவே காட்டும். அதன் பிறகும் ஐஆர் எரிந்ததும் பஸ்ஸர் அடித்தால் சென்சார் நிரபராதி.

சோலார்_பித்தன்:
எதற்கு இந்த அவஸ்தையெல்லாம்? கேட் தூணிலேயே ஒரு பேனல், ஒரு பேட்டரி வையுங்கள், வீட்டிலிருந்து பவர் வயரே வேண்டாம். நம் பக்கத்தில் வெயிலுக்கா பஞ்சம்? சங்கரன்கோவில் பக்கம் எங்கள் வயலில் அப்படித்தான் ஓடுகிறது. இடி விழுந்தாலும் பவர் வயர் வழியாக வீட்டுக்குள் வராது.

பாளை_வயர்மேன்:
வெயிலுக்குப் பஞ்சமில்லை, கணக்குக்குத்தான் பஞ்சம். அவருடைய கேமரா இரவில் 6 வாட், பகலில் இரண்டரை வாட் எடுக்கிறது. பாதி நாள் அது, பாதி நாள் இது என்றால் ஒரு நாளைக்கு 100 வாட் மணி. ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் மூட்டம் போட்டால் தாங்க வேண்டும், அதற்கு 200 வாட் மணி கையில் இருக்க வேண்டும். லித்தியம் பாஸ்பேட் 12.8 வோல்ட் 20 ஆம்பியர் மணி ஒன்று போதும். லெட் ஆசிட் என்றால் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது, 40 ஆம்பியர் மணியாவது வேண்டும். அலாரம் பெட்டிக்குள் வைக்கும் 7 ஆம்பியர் மணி பேட்டரியைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, விடியற்காலம் கேமரா செத்துவிட்டது என்று போன் பண்ணுகிறவர்கள்தான் அதிகம். பேனல் 30 வாட் கணக்குக்குச் சரியாக வரும், மழைக்காலத்தை நினைத்தால் 60 வாட்.

60 வாட் பேனலைப் பணகுடியில் ஒற்றைத் தூண் உச்சியில் நிறுத்துங்கள் பார்ப்போம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தல் முதல் இந்தப் பக்கம் வரை காற்றாலையாக நட்டு வைத்திருக்கிறார்கள். பேனல் ஆடினால் தூண் ஆடும், தூண் ஆடினால் கேமராப் படமே ஆடும். கேமராவின் சொந்த மோஷன் டிடெக்ஷன் நாள் முழுக்க அலாரம்தான்.

சோலார்_பித்தன்:
பேனலைத் தனிக் கம்பத்தில், தாழ்வாக, காற்றுக்கு விளிம்பைக் காட்டி வைக்கலாம் அண்ணாச்சி. ஆனால் பேட்டரிக் கணக்குச் சரி. பேட்டரியை வெயில் படும் தகரப் பெட்டியில் வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடு 10 டிகிரி கூடினால் லெட் ஆசிட்டின் ஆயுள் ஏறக்குறைய பாதி. இன்னொன்று, லித்தியம் முழுச் சார்ஜில் 14.4 வோல்ட் வரை ஏறும். சில 12 வோல்ட் கேமராக்கள் 10 சதவீதத்துக்கு மேல் தாங்காது, அதாவது 13.2தான். நடுவே வோல்ட்டை 12இல் நிறுத்தும் ஒரு கன்வெர்ட்டர் கட்டாயம்.

களக்காட்டு_வாழை:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்களுக்குப் பன்றித் தொல்லை. மலையடிவாரத்து வாழை, ஒரே ராத்திரியில் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகிறது. பிஐஆர் வைத்து லைட்டும் ஹாரனும் போட நினைக்கிறேன். அந்த ரிலேயில் நேராக 230 வோல்ட் லைட்டைக் கொடுக்கலாமா?

பாளை_வயர்மேன்:
கூடவே கூடாது. அலாரம் சென்சாருக்குள் இருக்கும் ரிலே சிக்னலுக்கு மட்டும். பெரும்பாலும் 24 வோல்ட்டில் 0.1 ஆம்பியர் தாங்கும், அவ்வளவுதான். 230 வோல்ட்டைக் கொடுத்தால் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், போர்டும் போய்விடும். அந்தக் கான்டாக்டால் ஒரு 12 வோல்ட் ரிலேயை இயக்கி, அந்த ரிலே லைட்டைப் போட வேண்டும். ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு தலைகீழாக வையுங்கள், இல்லையென்றால் காயில் விடும்போது எழும் ஸ்பைக் சென்சாரைக் கொல்லும். லைட் மட்டும் போதுமென்றால் 230 வோல்ட்டிலேயே ஓடும் மூன்று வயர் பிஐஆர் சுவிட்ச் கடையில் கிடைக்கிறது: ஃபேஸ், நியூட்ரல், லைட்டுக்குப் போகும் ஃபேஸ். அதில் நேரம், வெளிச்சம் இரண்டையும் திருகிச் சரிசெய்யலாம்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். அந்த 230 வோல்ட்டை வேலிக் கம்பிக்குக் கொடுக்கும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பன்றி சாகிறதோ இல்லையோ, தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆள் சாவார். அது குற்றம், ஜாமீனுக்கு அலைய வேண்டும். துடிப்பு முறையில் ஓடும் சோலார் வேலிக்கும் 2023 முதல் தமிழக அரசின் பதிவு விதி இருக்கிறது, வனத்துறையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

களக்காட்டு_வாழை:
புரிந்தது அண்ணாச்சி. எங்கள் ஊரில் அப்படி ஒரு சாவு பார்த்தாகிவிட்டது, அந்தப் பேச்சே வேண்டாம். இன்னொரு கேள்வி. கிணற்றடி மோட்டார் ரூமில் கரண்ட் இருக்கிறது, அதிலிருந்து எடுக்கலாமா?

ஜங்ஷன்_கடை:
இலவச விவசாய இணைப்பு பம்ப்செட்டுக்கு மட்டும்தான். அதோடு மும்முனை மின்சாரம் ஷிப்ட் முறையில் வரும் ஊரில் பன்றி வரும் நேரத்தில் கரண்ட் இருக்கும் என்று என்ன நிச்சயம்? உங்களுக்குத்தான் சோலார் பொருத்தம். சென்சாரும் ஹாரனும் மட்டும் என்றால் கேமரா மாதிரி தின்னாது. சென்சார் 20 மில்லி ஆம்பியர், ஒரு நாளைக்கு 6 வாட் மணிகூட ஆகாது. 10 வாட் பேனலும் 7 ஆம்பியர் மணி பேட்டரியும் தாராளம்.

பணகுடித்தோப்பு:
சோதனை முடிந்தது. சி, என்சி இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். வெளிச்சம் குறைந்தது, கேமராவில் டிக் என்று சத்தம், சிவப்புப் புள்ளிகள் எரிந்தன, அடுத்த கணம் வீட்டுக்குள் பஸ்ஸர் அலறுகிறது. அம்மா வாசலுக்கு வந்து "ஏல, நீதான் நிக்கியா அங்கன" என்று கேட்கிறார்கள். அப்படியானால் சென்சார் நிரபராதிதானே? பிறகு எது?

அம்பை_டிப்ளமோ:
கறுப்பு வயர்தான். இப்போது இன்னொன்று அளந்து பாருங்கள். என்விஆரின் பின்னால் அலாரம் 1க்கும் ஜிக்கும் நடுவே டிசி வோல்ட். பகலில் அரை வோல்ட் போலக் காட்டும், ஐஆர் எரியும்போது 1.4 போலக் காட்டும். பந்தயம் கட்டலாம்.

காரணம் இது. 5.5 ஓமில் பாதி சிவப்பில், பாதி கறுப்பில். கேமராவின் 0.5 ஆம்பியர் கறுப்பு வழியாகத் திரும்பும்போது கறுப்பின் 2.75 ஓமில் 1.4 வோல்ட் விழுகிறது. அதாவது கேட் தூணில் இருக்கும் கறுப்பு, வீட்டில் இருக்கும் கறுப்பைவிட 1.4 வோல்ட் மேலே நிற்கிறது. மஞ்சள் வயரை நீங்கள் தூணில் இருக்கும் கறுப்போடு சேர்த்தீர்கள், என்விஆரோ வீட்டுக் கறுப்பைப் பார்த்து அளக்கிறது. கான்டாக்ட் நன்றாகவே மூடியிருந்தாலும் அதற்குத் தெரிவது பூஜ்யம் இல்லை, 1.4 வோல்ட். டிடிஎல் வகை டிஜிட்டல் சுற்றில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பகலில் 0.55, தப்பித்தீர்கள். இரவில் தாண்டிவிட்டது, திறந்துவிட்டது என்று நினைத்து அலாரம் அடிக்கிறது.

அதனால்தான் சென்சாரின் ரிலே கான்டாக்டை எந்த வயரோடும் பொதுவாக்காமல் தனி ஜோடியாகக் கொண்டுவரச் சொல்கிறோம். பாலிடெக்னிக்கில் இந்த ஒரு பாடத்தைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றுவதற்குள் எனக்கு வருஷம் முடிந்துவிடும்.

பணகுடித்தோப்பு:
0.56, இரவில் 1.41. மேடம், கும்பிடுகிறேன்.

சரி, இப்போது மறுபடியும் மண்ணைத் தோண்டி நாலு கோர் இழுக்க வேண்டுமா? தென்னை வேர் பைப்பைச் சுற்றி இறுக்கியிருக்கிறது. அப்பா மண்வெட்டியைத் தொட விடமாட்டார். 230 வோல்ட்டையே கேட் வரை கொண்டுபோய் அங்கே இரண்டு அடாப்டர் வைத்தால் என்ன என்று பக்கத்து வீட்டு மாமா கேட்கிறார்.

பாளை_வயர்மேன்:
230 வோல்ட்டை அந்த 3 கோரில் அனுப்பச் சொன்ன மாமாவுக்கு ஒரு கும்பிடு. தோப்புக்குள் 230 போக வேண்டுமென்றால் ஆர்மர்ட் (இரும்புக் கவசக்) கேபிள், தனிப் பள்ளம், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை அறுக்கும் சுவிட்ச்), தூணில் எர்த், இவ்வளவும் வேண்டும். தேங்காய் வெட்டுகிறவர்களும் மண்வெட்டி பிடிக்கிறவர்களும் நடமாடும் இடம் அது. வேண்டாம்.

தோண்டவும் வேண்டாம். உங்கள் கேமராவின் பின்புற வாலில் நெட்வொர்க் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் 12 வோல்ட் பின் தனியாக இருக்கிறது, சரி. ஆனால் கேமரா லேபிளில் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே பவரும் அனுப்பும் முறை) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான ஐபி கேமராக்களில் இருக்கும். ஆட்கள் பிஓஇ சுவிட்ச் காசை மிச்சம் பிடிக்க அடாப்டரைப் போட்டுவிடுவார்கள்.

பணகுடித்தோப்பு:
இருக்கிறது! 802.3 ஏஎஃப் என்று போட்டிருக்கிறது.

அம்பை_டிப்ளமோ:
அப்படியானால் வேலை முடிந்த மாதிரி. வீட்டில் ஒரு பிஓஇ இன்ஜெக்டர் வையுங்கள். 48 வோல்ட் அதே கேட் 6 வழியாகப் படத்தோடு சேர்ந்து போகும். வோல்ட் நாலு மடங்கு என்றால் ஆம்பியர் நாலில் ஒன்று, வயரில் விழுவதும் அதற்கேற்பக் குறையும். இந்த வகையில் கேமரா முனைக்கு 12.95 வாட் வரை கிடைக்கும், உங்களுக்கு 6 போதும். தூரம் 100 மீட்டர் வரை, உங்களுடையது 70.

பிறகு 3 கோர் வயர் முழுக்கச் சென்சாருக்கு மட்டும். கறுப்பு பொதுவாகவே இருக்கட்டும், கவலையில்லை. அதில் ஓடுவது சென்சாரின் 20 மில்லி ஆம்பியர்தான், 2.75 ஓமில் 0.06 வோல்ட்கூட விழாது.

உவரிக்காரன்:
கேட் 6 உண்மையான செம்பா என்று மட்டும் பாருங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியம் நிறைய ஓடுகிறது மார்க்கெட்டில். ஒரு நூலைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அதில் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், பிளக் முனையிலும் சீக்கிரம் முறியும்.

ஜங்ஷன்_கடை:
சுரண்டிப் பார்க்கிற கஸ்டமர்தான் எங்களுக்கு எமன்.

பாளை_வயர்மேன்:
இன்னும் ஒன்று. 70 மீட்டர் செம்பு மண்ணுக்குள் கிடக்கிறது. ஐப்பசியில் இடி பக்கத்தில் எங்காவது விழுந்தாலும் போதும், அந்த நீளத்தில் வோல்ட் தூண்டப்பட்டு இரண்டு முனையையும் தாக்கும். கேட் 6க்கு இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடக்டர் (திடீரென எழும் வோல்ட்டை எர்த்துக்குத் தள்ளுவது) வையுங்கள், அதன் பச்சை வயரை எர்த்தில் சேருங்கள். எர்த் இல்லாத சர்ஜ் புரொடக்டர் வெறும் பிளாஸ்டிக் டப்பா. மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் எட்டு போர்ட் சுவிட்சில் கேட்டுக்குப் போன போர்ட் மட்டும் கருகி, மற்ற ஏழும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தூணில் வைக்கும் ஜங்ஷன் பாக்ஸை இடுப்புக்கு மேல் வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் வண்ணார்பேட்டைப் பக்கம் தண்ணீர் வடிந்த பிறகு நான் திறந்த பெட்டிகளில் தரையோரம் வைத்தது ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. உங்கள் ஊரில் தாமிரபரணி இல்லை, ஆனால் தோப்பில் தண்ணீர் கட்டுவீர்கள்தானே. கேபிள் பெட்டிக்குள் அடிப்பக்கமாக, கிளாண்ட் (நீர் புகாத கேபிள் பிடிப்பான்) வழியாக நுழையட்டும். நுழையும் முன் ஒரு வளைவு தொங்கட்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

பணகுடித்தோப்பு:
வாங்கிவிட்டேன், இந்த வாரம் மாட்டிவிடுவேன். இன்னொரு சந்தேகம். இந்த மதிய நேரத்தில் நான் ரோட்டிலிருந்து நேராகக் கேட்டை நோக்கி நடந்தால் சென்சார் பாதி நேரம் பிடிப்பதே இல்லை. மாலையில் பிடிக்கிறது. அதுவும் வோல்ட்டேஜா?

அம்பை_டிப்ளமோ:
இல்லை, அது பிஐஆரின் இயல்பு. அது ஆளைப் பார்ப்பதில்லை, வெப்ப வேறுபாடு நகர்வதைப் பார்க்கிறது. உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்பு 9, 10 மைக்ரான் அலைநீளத்தில் உச்சம், சென்சார் 8 முதல் 14 வரை பார்க்கும். நம் தோலின் சூடு 33, 34 டிகிரி. கத்திரி வெயிலில் பின்னால் இருக்கும் சுவரும் மண்ணும் அதே சூட்டில், சில நேரம் அதற்கு மேலேயே இருக்கும். வேறுபாடே இல்லை என்றால் அதற்கு ஆள் தெரிய மாட்டார். சூட்டுக்கு ஏற்பத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும் சென்சார்கள் இருக்கின்றன, ஓரளவுக்கு உதவும். நடுப்பகலை அதை நம்பி விடாதீர்கள், பகலுக்குக் கேமராவின் ஆள் கண்டறியும் வசதியை ஆன் செய்யுங்கள்.

இரண்டாவது, திசை. உள்ளே இரண்டு உணரிகள் எதிரெதிராக இருக்கும், முன்னால் இருக்கும் லென்ஸ் பார்வையை விசிறி மாதிரிக் கதிர்களாகப் பிரிக்கும். ஆள் அந்தக் கதிர்களைக் குறுக்கே கடந்தால் உடனே பிடிக்கும். நேராக அதை நோக்கி வந்தாலோ அதிலிருந்து விலகிப் போனாலோ ஒரே கதிருக்குள்ளேயே நடப்பார், தாமதமாகத்தான் தெரியும். சென்சாரை எங்கே பார்க்க வைத்திருக்கிறீர்கள்?

பணகுடித்தோப்பு:
கேட் தூணில், ரோட்டைப் பார்த்து, கிழக்கே. வாஸ்துப்படி கேட் கிழக்கு.

பாளை_வயர்மேன்:
வாஸ்து கேட்டுக்கு, சென்சாருக்கு இல்லை. கிழக்கே பார்த்தால் காலை வெயில் நேராக லென்ஸுக்குள் போகும், ரோட்டில் போகும் பஸ், லாரி எஞ்சின் சூடும் பிடிக்கும். அதைக் காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம், கேட்டுக்குப் பக்கவாட்டில், ஏழெட்டு அடி உயரத்தில், வடக்கே பார்த்தபடி வையுங்கள். கேட்டுக்குள் நுழைகிற எவனும் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். அதன் பார்வைக்குள் தொங்கும் தென்னை மட்டையை வெட்டிவிடுங்கள். வெயிலில் காய்ந்த மட்டை காற்றில் ஆடினால் அதுவும் நகரும் சூடுதான். உங்கள் ஆளின் காற்றுக் கதை அந்த அளவுக்கு உண்மை.

களக்காட்டு_வாழை:
ஈசலுக்கு என்ன செய்வது? மழை விட்ட சாயங்காலம் கேமரா முழுக்க ஈசல், வெள்ளைப் புழு பறக்கிற மாதிரி. போன் ஓயாமல் அலறும்.

பாளை_வயர்மேன்:
அது கேமராவின் மோஷன் டிடெக்ஷன். ஈசல் லென்ஸ் முன்னாலேயே பறக்கும், ஐஆர் வெளிச்சம் பட்டுப் படத்தில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பிஐஆருக்கு ஈசல் பொருட்டில்லை, அதனிடம் சூடு இல்லை. அதனால்தான் இரவில் கேமரா மோஷனை அணைத்துவிட்டு பிஐஆர் அலாரத்தை மட்டும் நம்பச் சொல்கிறேன். ஈசலைத் தின்ன வரும் பல்லி சென்சார் லென்ஸ் மேலேயே ஊர்ந்தால் அலாரம் வரும், அதற்கு மருந்து இல்லை. பின்பக்கத் துளையைச் சிலிக்கானால் அடைத்துவிட்டால் உள்ளே எறும்பு கூடு வைக்காமலாவது இருக்கும். கீழே தண்ணீர் வடியும் சின்னத் துளையை மட்டும் அடைக்காதீர்கள்.

உவரிக்காரன்:
குளவிக்கூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்குளவி கிளாண்ட் துளையைத் தன் வீடு என்று நினைக்கும்.

பணகுடித்தோப்பு:
மாட்டியாகிவிட்டது. கேமரா பிஓஇக்கு மாறியது, 3 கோர் சென்சாருக்கு மட்டும், சென்சார் வடக்கே பார்க்கிறது. சர்ஜ் புரொடக்டருக்காகக் கேட் பக்கம் ஒரு எர்த் கம்பி அடித்தோம், அந்த ஒரு இடத்தில் மட்டும் அப்பா தோண்டவிட்டார். பொழுது சாய்ந்தது, ஐஆர் எரிந்தது, பஸ்ஸர் சும்மா இருந்தது. நான் சுவர் ஓரமாக நடந்து போனதும் அடித்தது.

விடியற்காலம் மட்டும் ஒருமுறை அடித்தது. பதிவில் பார்த்தால் மயில், தோகையோடு கேட்டின் மேல் ஏறி உள்ளே குதிக்கிறது. அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, போனில் அந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஜங்ஷன்_கடை:
மயிலுக்கும் டூயல் டெக்குக்கும் சம்பந்தமில்லை. மயில் சூடாகவும் இருக்கும், நகரவும் செய்யும். அதனால் விற்க முயலவில்லை.

அம்பை_டிப்ளமோ:
சென்சார் முனையில் இப்போது எத்தனை வோல்ட்? அலாரம் 1க்கும் ஜிக்கும் நடுவே எவ்வளவு?

பணகுடித்தோப்பு:
சென்சாரில் பகலிலும் 12.0, ஐஆர் எரியும்போதும் 12.0. அலாரம் 1இல் 0.05.